அலையாத்திக் காட்டை ஊரோடு சேர்ந்து மீட்பது: வாய்க்கால் முதல் கன்று வரை முழுமையான வழிகாட்டி

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காட்டுக்கு நடுவே உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடக்கும் வெற்றுத் திட்டுகள் உண்டு. அங்கே நேரே கன்றைக் கொண்டுபோய் நட்டால், அடுத்த சித்திரைக்குள் அது குச்சியாய்க் காய்ந்து நிற்கும். கன்று நடுவது இந்த வேலையில் கடைசிப் படி. அதற்கு முன் ஊர் சேர வேண்டும், மட்டம் எடுக்க வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், ஒரு மழைக்காலம் கடக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பணமும் உழைப்பும் சேற்றில் போகும்.

இங்கே சொல்லப்படுவது மீன்முள் வாய்க்கால் முறை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் பிச்சாவரத்தில் தொடங்கி, பிறகு முத்துப்பேட்டையிலும் ஊர்மக்களோடு சேர்ந்து செய்த முறை இது. ஏற்றவற்றம், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது, குறைவாக உள்ள காவிரி டெல்டாக் கரைக்கு இது பொருந்தும். அலை பல மீட்டர் ஏறி இறங்கும் கரைகளுக்கு அளவுகள் மாறும்.

தொடங்கும் முன்: ஆண்டுக் கணக்கு

தை முதல் பங்குனி வரை ஊர்க்கூட்டமும் மட்டமும். சித்திரை முதல் ஆவணி வரை வாய்க்கால். ஆவணி முதல் ஐப்பசி வரை விதையும் நாற்றங்காலும். மார்கழி பாதியிலிருந்து மாசி வரை நடவு. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டுமென்று பங்குனியில் நடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அடுத்து வரும் நான்கு மாத வெயிலை இளங்கன்று தாங்காது.

கருவிகள் அதிகம் வேண்டாம்: 30 மீட்டர் நாடா, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான குழாய் 20 மீட்டர், சென்டிமீட்டர் குறித்த சவுக்குக் கழிகள், கயிறு, மூங்கில் முளைகள், உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று.

1. நிலம் ஏன் வெறுமையானது என்று கண்டுபிடியுங்கள்

எல்லா வெற்று நிலமும் அழிந்த காடு அல்ல. மரம் ஒருகாலத்தில் நின்றதற்கு அடையாளம் தேடுங்கள்: மண்ணுக்குள் பழைய அடிக்கட்டைகள், மட்கிய வேர்கள், ஊர்ப் பெரியவர்களின் நினைவு. எதுவுமே இல்லையென்றால் அது இயல்பான சேற்றுத் திடலாக இருக்கலாம். கோடியக்கரை வரை வந்து தங்கும் வலசைப் பறவைகளுக்கு அப்படிப்பட்ட திடல்தான் இரைக்களம். அங்கே மரம் நடக் கூடாது. நட்டாலும் பெரும்பாலும் பிடிக்காது.

காடு அழிந்த இடமென்றால் காரணம் பொதுவாக இப்படி இருக்கும். ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போனதும் மண்ணின் ஈரம் ஆவியாகி, களிமண் சுருங்கி, தரை தட்டுப்போல் குழிந்தது. பெரிய ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை விட்டுச் செல்கிறது. கோடையில் அந்த மண்ணின் உப்பு கடல்நீரைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஏறும். விதை விழுந்தாலும் முளைக்காது. விறகு வெட்டியதால்தான் காடு போனது என்று ஊரைக் குற்றம் சொல்லிக்கொண்டு வேலி போட்டால், தேங்கும் நீர் அப்படியே தேங்கும். ஊரும் கசந்து போகும்.

2. ஊரைக் கூட்டுங்கள்

முதலில் யார் யார் அந்தக் காட்டை நம்பி இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். வலைஞர்கள், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், ஆடு மாடு வைத்திருப்போர், விறகு எடுக்கும் பெண்கள், இறால் பண்ணைக்காரர்கள், கடைமடை விவசாயிகள். ஒருவர் விட்டுப்போனாலும் அவர் பக்கமிருந்துதான் பின்னால் சிக்கல் வரும். பெரும்பாலும் விட்டுப்போவது இருளர்கள். பட்டாவும் படகும் இல்லாததால் எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது. ஓடைகளின் ஆழமும் நீரோட்டமும் அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது.

கூட்டத்தை அட்டமி நவமி நாட்களின் மாலையில் வையுங்கள். அப்போது நீரோட்டம் குறைவு, மீன்பாடும் குறைவு, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கூப்பிட்டால் தொழிலுக்குப் போகாதவர்கள் மட்டும் வருவார்கள்.

குழுவில் வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவர் உறுப்பினராகட்டும். குடும்பத் தலைவர் மட்டும் என்று வைத்தால் விறகும் தீவனமும் பற்றிய பேச்சே எழாது. எந்தப் பெண் எங்கே விறகு எடுக்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

எழுத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை வர வேண்டும். புதிய வாய்க்காலில் யார் மீன் பிடிப்பது? மாடுகள் மூன்று ஆண்டு எங்கே மேயும்? விறகு எங்கிருந்து வரும்? வெட்டுக்கூலி எந்த நாளில், யார் கையில் போகும்? எழுதியதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

முதல் கேள்விதான் ஊரை இந்த வேலையோடு கட்டிவைப்பது. முத்துப்பேட்டையில் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கும் பழக்கம் முன்பிருந்தே உண்டு. அந்த வாய்க்கால்களின் கரையில் மரம் செழிப்பாக நின்றதும் எல்லோரும் கண்டது. வாய்க்காலின் மீன் அதைத் தூர்வாரும் ஊருக்கு என்று வைத்தால், தூர்வார ஆள் தேட வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை: வாய் முழுவதையும் அடைத்து வலை கட்டக் கூடாது. கட்டினால் குஞ்சுமீன் போவதோடு, விதையும் உள்ளே வராது.

3. அனுமதி

இரண்டு காடுகளும் காப்புக்காடுகள். வனத்துறையின் எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் ஒரு கூடை மண்ணும் எடுக்க முடியாது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் அலையாத்தி நிலம் மிகக் கடுமையான 1-ஏ வகையில் வருகிறது. எனவே வனத்துறையும் ஊர்க்குழுவும் சேர்ந்த கூட்டுத் திட்டமாகவே எழுதுங்கள். வனவரை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். இருளர்களின் மீன்பிடி உரிமையை 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் சமூக உரிமையாகக் கோர வழி இருக்கிறது. அந்த மனுவை வேலை தொடங்கும் முன்பே போடுவது நல்லது. காடு வளர்ந்தபின் உள்ளே விட மறுத்த கதை வேறு காடுகளில் உண்டு.

4. மட்டம் எடுங்கள்

முத்துப்பேட்டையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு சுமார் அரை மீட்டர்; பிச்சாவரத்தில் அரை முதல் ஒரு மீட்டர். இங்கே 10 செ.மீ. பிழையும் கன்றின் உயிரைத் தீர்மானிக்கும். கண்ணால் பார்த்து மட்டம் சொல்லாதீர்கள்.

ஓடையில் ஒரு அளவுக்கழியை ஆழ நட்டு, அமாவாசை, பௌர்ணமி, அட்டமி நாட்களில் நீரின் உச்சத்தையும் அடியையும் குறியுங்கள். பிறகு மட்டக்குழாயால் அந்தக் கழியிலிருந்து வெற்றுத் திட்டுக்குள் 20 மீட்டருக்கு ஒரு புள்ளியாக உயரம் எடுத்துச் செல்லுங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் அளவு பொய்யாகும். ஒவ்வொரு முறையும் இரு முனையையும் சேர்த்து வைத்து நீர் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

நமது கரையில் கடல்மட்டமே பருவத்துக்குப் பருவம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்திருக்கும்; மாசி, பங்குனியில் தாழ்ந்திருக்கும். மழைக்காலத்தில் மட்டும் அளந்து வடிவமைத்த வாய்க்காலில் கோடையில் நீர் ஏறாது. கன்றுக்கு நீர் வேண்டியது கோடையில்தான். ஆகவே பங்குனி அளவை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

5. வாய்க்காலை வரையுங்கள்

இயல்பான ஓடையிலிருந்து 45 பாகைச் சாய்வில் முதன்மை வாய்க்கால் உள்ளே போகும். அதன் இருபுறமும் 30 பாகைச் சாய்வில் கிளைகள் பிரியும். மேலிருந்து பார்த்தால் மீனின் முள். ஓடைக்குச் செங்குத்தாக வெட்டினால் ஓட்டம் வாயில் முட்டி, கரை அரிக்கும், வண்டல் அங்கேயே படியும். சாய்வாக இருந்தால் நீர் இழுபடாமல் போய் வரும்.

கிளை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். கிளையின் உள்முனை ஓடையை விட்டு விலகிச் சாய வேண்டும். அப்போது வற்றத்தில் வடியும் நீர் முதன்மை வாய்க்காலின் ஓட்டத்தோடு சேர்ந்து போகும். எதிர்ப்புறம் சாய்த்தால் இரண்டு ஓட்டமும் மோதி, கிளையின் வாய் ஒரே மழையில் தூர்ந்துவிடும்.

பாகைமானி தேவையில்லை. மூன்று, நான்கு, ஐந்து மீட்டர் கயிற்று முக்கோணத்தால் செங்கோணம் பிடியுங்கள். 45 பாகைக்கு ஓடையோரம் 3 மீட்டர், செங்குத்தாக 3 மீட்டர். 30 பாகைக்கு முதன்மை வாய்க்காலோரம் 5.2 மீட்டர், செங்குத்தாக 3 மீட்டர். இரு முனைகளையும் இணைக்கும் கோடுதான் உங்கள் திசை.

முதன்மை வாய்க்காலுக்கு மேல் அகலம் 3 மீட்டர், அடி அகலம் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர் வையுங்கள். கிளைக்கு மேல் அகலம் 2, அடி 1, ஆழம் 0.75 மீட்டர். கரை சரிவாகத்தான் இருக்க வேண்டும். நேர்ச்சுவராக வெட்டினால் சேறு சரிந்து அடைக்கும், நடுவதற்கும் இடம் இருக்காது. அடித்தளம் உள்முனையிலிருந்து வாய் நோக்கி 100 மீட்டருக்குச் சுமார் 10 செ.மீ. இறங்கட்டும். வாயில் தரை ஒரு சாண் உயர்ந்திருந்தாலும் உள்ளே உப்புநீர் தேங்கிவிடும். வெட்டியதன் நோக்கமே போய்விடும்.

கிளைகளை 25 மீட்டருக்கு ஒன்றாகப் பிரித்தால், 30 பாகைச் சாய்வால் அடுத்தடுத்த கிளைகளுக்கு இடையே 12.5 மீட்டர்தான் இருக்கும். அந்த இடைவெளியை நீர் எளிதில் நனைக்கும். 100 மீட்டர் முதன்மை வாய்க்காலும் பக்கத்துக்கு நான்காக 40 மீட்டர்க் கிளைகள் எட்டும் வெட்டினால், 40 மீட்டர் அகலத்தில் 0.4 ஹெக்டேர் அடங்கும். மண் கணக்கு: முதன்மையில் 200 கன மீட்டர், கிளைகளில் 360 கன மீட்டர், மொத்தம் 560. ஈரக்களியில் ஓர் ஆள் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு கன மீட்டர் வெட்டினால் நல்ல வேலை. அப்படியென்றால் சுமார் 280 முதல் 370 ஆள்நாள். கூலித் தொகையை இதிலிருந்து போடுங்கள். திடமண் வெட்டும் அளவை வைத்துப் போட்ட மதிப்பீடு பாதியிலேயே தீர்ந்துபோகும்.

6. வெட்டுங்கள், மண்ணை எங்கே போடுவது என்று பார்த்துக்கொண்டே

உள்முனையிலிருந்து ஓடை நோக்கி வெட்டுங்கள். வாயில் 2 மீட்டர் மண்ணை அடைப்பாக விட்டுவையுங்கள். வேலை முடியும்வரை நீர் உள்ளே வராது. எல்லாம் முடிந்தபின் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய வற்றத்தில் அடைப்பை உடையுங்கள். உள்ளே நிற்கும் உப்புக்கரைசல் முதலில் வடிந்து போகும், அடுத்து வரும் பெரிய ஏற்றம் புதுநீரைக் கொண்டுவரும்.

வெட்டிய மண்தான் பெரிய சிக்கல். வாய்க்காலோரம் வரிசையாகக் கொட்டினால் கரை எழும்பி, நீர் வாய்க்காலுக்குள்ளேயே நிற்கும், திட்டுக்கு ஏறாது. சீராகப் பரப்பிவிட்டாலும் மேற்சொன்ன கணக்கில் மீதி நிலம் 18 செ.மீ. உயர்ந்துவிடும். அரை மீட்டர் ஏற்றமே உள்ள இடத்தில் அது மிக அதிகம். அதனால் மட்டம் எடுத்தபோது எங்கே தரை அதிகம் குழிந்திருந்ததோ அங்கே கொண்டுபோய்க் கொட்டி நிரப்புங்கள். மிஞ்சியதை இடைவெளி விட்ட தனித்தனி மேடுகளாக வையுங்கள்.

கூலியை வாரம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கொடுத்துக் கணக்கை ஊர்ப்பலகையில் எழுதுங்கள். காசு பற்றிய ஐயம் எழுந்தால் மற்ற எல்லாம் நின்றுபோகும்.

7. மழை கழுவும்வரை காத்திருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையும் ஏற்றவற்றமும் சேர்ந்து மண்ணின் உப்பைக் கழுவும். மார்கழியில் அளந்து பாருங்கள். ஓர் அடி ஆழக் குழி தோண்டி, ஊறிவரும் நீரைத் துணியில் வடிகட்டி, ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விடுங்கள். மேலே நிற்கும் நீரை அளப்பது வீண். வேர் குடிப்பது ஊறும் நீரைத்தான். அளவு லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டினால் காய்ச்சி வடித்த நீரைச் சமமாகக் கலந்து அளந்து இரண்டால் பெருக்குங்கள்.

கடல்நீரில் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். ஊறுநீர் 50-க்குக் கீழே வந்திருந்தால் வெண்கண்டல் நடலாம். 70-க்கு மேல் நின்றால் அந்த ஆண்டு நட வேண்டாம். எங்கோ நீர் தேங்குகிறது, மட்டத்தை மறுபடி பாருங்கள்.

நடுவதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். 10க்கு 10 மீட்டர் கட்டங்கள் சிலவற்றில் தானாக முளைத்த கன்றுகளை எண்ணுங்கள். ஓடையோரம் தாய்மரங்கள் இருந்தால் ஏற்றமே விதையைக் கொண்டுவந்து போடும். கட்டத்துக்குப் பத்துக்கு மேல் இருந்தால் அங்கே நட வேண்டியதே இல்லை. நட்டாலும் அடர்த்தி அவ்வளவுதான் வரும். அந்தப் பணத்தைத் தூர்வாருவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8. விதையும் நாற்றங்காலும்

முத்துப்பேட்டைக் காட்டில் ஏறக்குறைய எல்லாமே வெண்கண்டல். தாவரவியலில் அவிசீனியா மெரினா. பிச்சாவரத்தில் ஓடைக்கரையை ஒட்டிய ஒடுங்கிய பட்டையில் சுரபுன்னை, அதாவது ரைசோஃபோரா, அதற்குப் பின்னால் வெண்கண்டல். இயற்கை வைத்த வரிசையையே பின்பற்றுங்கள். குச்சிபோல் நீண்டு மரத்திலேயே தொங்கும் அதன் முளைவிதை எளிதாகக் கிடைக்கிறது, படத்தில் அழகாக இருக்கிறது என்று எல்லா இடத்திலும் சுரபுன்னை ஊன்றுவது பெருந்தவறு. உப்பேறிய உட்பகுதியை அது தாங்காது.

வெண்கண்டல் விதை தொட்டதும் கையோடு வர வேண்டும்; இழுத்துப் பறித்தது முற்றாதது. ஓடைநீரில் ஓரிரவு ஊறவைத்தால் தோல் கழன்றுவிடும். துளையிட்ட 5க்கு 8 அங்குலப் பையில் காட்டுக் களிமண் நிரப்பி, விதையின் வேர்முனையை மண்ணில் மெல்ல அழுத்தினால் போதும். புதைத்தால் அழுகும். பெரிய ஏற்றத்தில் நீர் ஏறி வடியும் இடத்தில் பாத்தியை அமையுங்கள். தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம், கன்றும் உப்புக்குப் பழகும். நண்டு வெட்டாமலிருக்க சுற்றிலும் நுண்வலை. மூன்று நான்கு மாதத்தில் ஓர் அடி வளரும்.

சுரபுன்னைக்குப் பை தேவையில்லை. தொங்கும் குச்சிக்கும் காய்க்கும் நடுவே வளையம் தெரிந்தால் முற்றியது. ரைசோஃபோரா முக்ரோனேட்டாவுக்கு வளையம் மஞ்சள், அபிக்குலேட்டாவுக்குச் சிவப்பு. துளை விழுந்த குச்சிகளை அப்போதே ஒதுக்குங்கள், உள்ளே வண்டு இருக்கும். நிழலில் ஈரச்சாக்கு போர்த்தி வைத்து, ஓரிரு வாரத்துக்குள் நட்டுவிடுங்கள்.

9. நடவு

வெள்ளம் ஓய்ந்ததும், மார்கழி பாதிக்குமேல் தொடங்குங்கள். கார்த்திகையில் நட்டது வெள்ளத்தோடு போகும்.

கன்று நிற்க வேண்டிய இடம் வாய்க்காலின் சரிவு. தரைமட்டத்திலிருந்து சுமார் 30 செ.மீ. கீழே. மேட்டில் நட்டால் கோடையில் நீர் எட்டாது. அடியில் நட்டால் எந்நேரமும் மூழ்கி மூச்சுமுட்டும், கொட்டலசு என்னும் ஓட்டுயிரியும் தண்டில் ஒட்டும். இரண்டு மீட்டருக்கு ஒன்றாக இருகரையிலும் நட்டால் மேற்சொன்ன 0.4 ஹெக்டேருக்கு 420 கன்று. சாவுக்கு ஈடாக இன்னும் 80 வளர்த்து வையுங்கள்.

பையைக் கிழித்து எடுத்துவிட்டு மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். கிழித்த பைகளை எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள். சுரபுன்னைக் குச்சியைக் கூர்முனை கீழாக மூன்றில் ஒரு பங்கு ஊன்றினால் போதும். தலைகீழாக ஊன்றியவை ஒவ்வொரு நடவு விழாவிலும் கிடைக்கும், அதனால் முதல் வரிசையை அனுபவமுள்ளவர் நட்டுக் காட்டட்டும்.

10. மூன்று ஆண்டுப் பராமரிப்பு

மாதம் இருமுறை கன்றில் சுற்றிய பாசியை அவிழ்த்துவிடுங்கள். ஏற்றத்தில் அதன் கனம் கன்றைச் சாய்த்துவிடும். தண்டில் ஒட்டும் கொட்டலசைச் சுரண்டினால் பட்டையும் உரியும், ஆகவே அதைத் தொடாதீர்கள். அது மிகுதியாக ஒட்டினால் நட்ட மட்டம் தாழ்வு என்று பொருள், மாற்றுக்கன்றைச் சற்று மேலே நடுங்கள்.

வெண்கண்டல் இலை மாட்டுக்குப் பிடித்தமான தீனி. வேலி கொஞ்ச நாளைக்குத்தான். ஊர்ப்புறத்துத் தரிசில் தீவனப்புல்லும், விறகுக்குச் சவுக்கும் நட்டுக் கொடுத்தால்தான் இரண்டாம் ஆண்டும் கன்று நிற்கும்.

உயிர்க்கணக்கை 3, 6, 12, 24, 36 மாதங்களில் எடுங்கள், எடுப்பது ஊர்க்குழுவே. ஒரே வாய்க்காலில் கூட்டமாகச் செத்திருந்தால் காரணம் நீர். அங்கங்கே சிதறிச் செத்திருந்தால் நண்டும் மாடும். காரணம் தெரியாமல் மாற்றுக்கன்று நடாதீர்கள்.

ஒவ்வொரு கோடையிலும் வாய்களைப் பாருங்கள். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு தூர்ந்திருந்தால் தூர்வாருங்கள்.

11. மேலிருந்து வரும் நல்ல நீர்

கடல்நீர் மட்டும் போய்வந்தால் காடு பிழைக்கும், செழிக்காது. பிச்சாவரத்துக்கு வெள்ளாறும் கொள்ளிடமும், முத்துப்பேட்டைக்குப் பாமணியாறும் கோரையாறும் மழைக்காலத்தில் நல்ல நீர் கொண்டுவருகின்றன. அந்த நீர் வருவது கடைமடையின் வடிகால்கள் வழியே. ஆகாயத்தாமரையும் வண்டலும் அடைத்த வடிகாலால் மேலே வயல் மூழ்குகிறது, கீழே காட்டுக்கு நீர் வராமல் போகிறது. எனவே வடிகால் தூர்வாருவதில் விவசாயியும் வலைஞரும் ஒரே பக்கம் நிற்க முடியும். புரட்டாசிக்கு முன் இரு தரப்பும் சேர்ந்து நீர்வளத் துறையிடம் மனு கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்த மனுக்கள் ஒன்றுக்கொன்று எதிராகவே வாசிக்கப்படும்.

மனுவில் மூன்று இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்: அடைபட்ட வடிகால், திறக்காத கடைமடை ஷட்டர், மணல் மூடிய முகத்துவாரம். இறால் பண்ணைக் கழிவு விழும் குழாய் இருந்தால் அதன் இடமும் படமும் சேர்த்து வையுங்கள். ஆண்டுதோறும் அதே அளவுக்கழி நிற்கும் இடத்தில் மழைக்கால உப்பளவையும் அளந்து குறித்து வந்தால், எந்த ஆண்டு நல்ல நீர் குறைந்தது என்பதற்கு ஊரின் கையிலேயே சான்று இருக்கும்.